ஷாம்பூ பாட்டில் காண்டீபம்

ஈக்காட்டுத்தாங்கல் அடுக்குமாடிகளில் ஒரு புது ரக மனிதர் உருவாகியிருக்கிறார். வார நாட்களில் ஒலிம்பியா டெக் பார்க்கில் கணினி முன் சாதுவாக உட்கார்ந்திருப்பார். சனிக்கிழமை மாலை ஆனால் குளியலறைக்குள் புகுந்து ஷாம்பூ பாட்டிலைக் குலுக்கிப் பார்ப்பார். தீரவில்லை என்றால் மறுநாள் இரண்டு வேளை தலைக்குக் குளித்துத் தீர்த்துவிடுவார். அவர் செய்யப்போகும் பிளாஸ்டருக்கு, அதாவது விண்வெளிப் படங்களில் ஒளி உமிழும் துப்பாக்கிக்கு, அந்தப் பாட்டில்தான் உடம்பு. குழாய்க்கு முக்கால் இஞ்ச் பிவிசி பைப். பிடிக்குத் தேய்ந்த ரப்பர் செருப்பை வெட்டி ஒட்டியது. தொலைநோக்கிக்குத் தீர்ந்துபோன மார்க்கர் பேனா. பக்கவாட்டில் கட்டுப்பாட்டுப் பலகையாக மாமியாரின் காலி மாத்திரை அட்டை. இடுக்குகளை எம்-சீல் பார்த்துக்கொள்ளும்.

இவரைக் கிறுக்கு என்பவர்களுக்கு சினிமா வரலாறு தெரியாது என்பது என் கட்சி. 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு அரங்கப் பொருள்கள் சேர்த்த ரோஜர் கிறிஸ்டியன் செய்ததும் இதே காயலான் கடை வேலைதான். வெள்ளைக் கவசப் படையினர் ஏந்தியது பிரிட்டிஷ் ஸ்டெர்லிங் துப்பாக்கி. நம் கான்பூரிலும் தயாரானதுதான். குழாயில் பிளாஸ்டிக் பட்டைகளை ஒட்டியதும் அது வேறொரு விண்மீன் மண்டலத்துக்குப் போய்விட்டது. ஹான் சோலோவின் ஆயுதம் பழைய ஜெர்மன் மவுசர். லூக்கின் ஒளிவாளுக்குக் கைப்பிடி, கிராஃப்லெக்ஸ் கேமராவின் ஃப்ளாஷ் பிடி. அந்தப் படத்தின் கலைக் குழு ஆஸ்கரே வாங்கியது. அதே வரிசையில் 1999-இல் வந்த படத்தில் க்வை-கான் ஜின் என்ற பாத்திரம் பேசிய தகவல் கருவியோ பெண்களுக்கான ஜில்லெட் ரேசரின் வார்ப்பு. ரேசரில் பேசியவரை உலகமே பயபக்தியோடு பார்த்தது. மாத்திரை அட்டை ஒட்டுகிறவரைப் பார்த்து மட்டும் சிரிப்பானேன்?

கிண்டித் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகள் கூப்பிடு தூரத்தில் இருக்க, அலுமினியத்தில் கச்சிதமாகக் கடைந்து வாங்கலாமே என்பார்கள். லேத்காரர் முதலில் கேட்பது டிராயிங். நம்மவருக்கோ பாட்டில் காலியான பிறகுதான் யோசனையே பிறக்கும். மேலும் கச்சிதம் இங்கே எதிரி: பத்து வருஷம் அடிபட்ட ஆயுதம்போல் இருந்தால்தான் கண் நம்பும். கருப்பு அடித்துக் காயவிட்டு, அலுமினியப் பெயின்ட் தொட்ட பிரஷ்ஷைத் துணியில் துடைத்து, கிட்டத்தட்ட வறண்ட பிரஷ்ஷால் விளிம்புகளில் மட்டும் இழுத்தால் போதும், பிளாஸ்டிக் இரும்பாகிவிடும். புதியவர்கள் கவிழ்வது தெர்மாகோலில். ஸ்பிரே பெயின்ட்டை நேராக அடித்தால் அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். எதிரி சுடாமலேயே ஆயுதம் காலி. முதலில் இரண்டு பூச்சு ஃபெவிகால், அப்புறம் தண்ணீரில் கலக்கும் பெயின்ட்.

ரெடிமேட் பொம்மை விளக்கு எரிந்து சத்தமும் போடுகிறதே என்ற ஆட்சேபம் வலுவானது, அதுவும் சொந்த மகன் எழுப்பும்போது. “அப்பா, இது சத்தம் போடாதா?” ஸ்டார் வார்ஸின் துப்பாக்கி ஓசை, பென் பர்ட் என்பவர் கோபுரம் ஒன்றின் இழுகம்பியைத் தட்டிப் பதிவு செய்தது. இதைப் படித்துவிட்டு நம்மவர் மொட்டை மாடிக் கொடிக்கம்பியைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். ‘டொய்ங்’ என்றுதான் வரும், கீழ்வீட்டுக்காரரும் வருவார். கடைசியில் வாயாலேயே ‘பியூ, பியூ’. நாற்பது வயதில் இதை நியாயப்படுத்த என்னிடம் வாதம் இல்லை.

ஆனால் காவல்துறையின் கவலைக்கு நான் முழுதாகத் தலையாட்டுகிறேன். 2024 பிப்ரவரியில் காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் திருவிழா முதல்முறையாகச் சென்னைக்கு, பக்கத்து நந்தம்பாக்கத்துக்கே வந்த பிறகு, இவர் பிளாஸ்டரை வெளியே எடுத்துப் போக ஆரம்பித்துவிட்டார். மெட்ரோ ஸ்கேனர் திரையில் கற்பனைக்கும் கார்பைனுக்கும் வித்தியாசம் தெரியாது. எனவே முனையில் பளிச்சென்று ஆரஞ்சு பூச வேண்டும், பிரித்துத்தான் எடுத்துப் போக வேண்டும். பிவிசி பைப்பின் ஐஎஸ்ஐ முத்திரை மேல் பெயின்ட் அடிக்காமல் விடுவது இன்னும் உத்தமம். காவலருக்கு விசாரணை மிச்சம்.