அலர்ட் அங்கிள்

அலர்ட் அங்கிள், தென்சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பரவலாகத் தென்படும் மனித வகை. மற்ற ஒன்பது மாதமும் இவர் அதே வீட்டில்தான் இருக்கிறார். யார் கண்ணிலும் படுவதில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் அறுபதைத் தொட்டவர், ஓய்வு பெற்றவர், வெயில் காயும் காலையிலும் குடையோடு நடைக்குப் போகிறவர். மொபைலில் வானிலை எச்சரிக்கை வருவதை வைத்து இவரை அடையாளம் காண முடியாது. அது இன்று பால் போடுகிறவருக்கும் வருகிறது. வந்த எச்சரிக்கையைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியாமல் தவிப்பதே இந்த வகையின் இலக்கணம். குடியிருப்போர் சங்கம், சொந்தக்காரர்கள், பழைய ஆபீஸ் நண்பர்கள், காலை நடைக் கூட்டாளிகள் என நான்கு வாட்ஸ்அப் குரூப்பாவது இல்லாதவர் அலர்ட் அங்கிள் ஆக முடியாது.

வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர் ஆகியவை இவர் அடர்த்தியாக வாழும் பகுதிகள். எல்லாமே சதுப்பு நிலத்தையோ ஏரியையோ ஆற்றையோ ஒட்டி எழுந்த குடியிருப்புகள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் கொட்டிய மழையில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு, அடையாறு கரை மீறி ஊருக்குள் வந்தது. தண்ணீர் வருகிறது என்று பலருக்கு அன்று முதலில் சொன்னது தண்ணீரேதான். பிறகு கரண்ட் போனது, பின்னாலேயே சிக்னலும் போனது. தரைத்தளத்து சோபா மிதப்பதை மாடிப்படியில் உட்கார்ந்து இரவெல்லாம் பார்த்த ஒரு சாதுவான மனிதர், விடிந்தபோது அலர்ட் அங்கிளாக எழுந்தார். இவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அநேகமாக அதற்குப் பின் குடிவந்தவர்கள், அல்லது மூன்றாவது மாடிக்கு மேல் இருப்பவர்கள்.

இவருக்கு முன்னோர் உண்டு. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுதான் இந்த வம்சத்தின் மூத்த தலைமுறை. 1 முதல் 11 வரை எண் கொண்ட அந்தக் கூண்டுகளில் 10ஆம் எண் பெரும் அபாயத்தைக் குறிக்கும். 11ஆம் எண்ணுக்குப் பொருள், வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பது. செய்தி வராததையே கடைசிப் பெரிய செய்தியாக வைத்த அந்த ஏற்பாட்டை எண்ணி அலர்ட் அங்கிள் இன்றும் சிலிர்த்துப்போவதுண்டு. கூண்டுக்குப் பின் வானொலி. அதற்குப் பின் தொலைக்காட்சியில் எஸ்.ஆர். ரமணன். 2016இல் ஓய்வு பெறும்வரை, சென்னை வானிலை மையத்தின் முகமாக இருந்த அவர் வாயைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பார்த்த பார்வையில் ஒரு பக்தி இருந்தது. விடுமுறை விடுவது மாவட்ட ஆட்சியர் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஆனாலும் வேண்டுதல் ரமணனிடம்தான். அந்தக் காலத்தில் எச்சரிக்கை எல்லோர் வீட்டிலும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் வந்தது. யாரும் யாருக்கும் முந்திச் சொல்ல வழியில்லை. மொபைல் வந்து அந்தச் சமத்துவத்தை உடைத்தது.

அலர்ட் அங்கிளின் மொபைலில் குறைந்தது ஐந்து செயலிகள் இருக்கும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மௌசம், தமிழக அரசின் டிஎன் அலர்ட், காற்றின் ஓட்டத்தை வண்ணக்கோலமாகச் சுழலவிடும் விண்டி ஆகியவை எல்லோரும் அறிந்தவை. தாமினி மின்னலுக்கானது, சுற்றுவட்டாரத்தில் எங்கே மின்னல் விழுகிறது என்று காட்டி எச்சரிக்கும். அது ஒலித்த மறுநொடி இவர் கூடத்துக்கு ஓடி டிவி பிளக்கைப் பிடுங்குவார். சீரியலில் மருமகள் விஷம் கலந்த பாலை எடுக்கப்போகும் கட்டமாக அது இருப்பது வழக்கம். “ஏங்க, மின்னல் எங்க விழுதாம்?” என்று வீட்டம்மா கேட்பார். “திருப்போரூர் பக்கம்.” அதன்பின் அந்த வீட்டில் விழுவதைத் தாமினி காட்டுவதில்லை. ஐந்தாவது, மேகதூத். இது விவசாயிகளுக்கு மாவட்டவாரியாகப் பயிர் யோசனை சொல்லும் செயலி. இவருடைய வேளாண்மை பால்கனியில் ஒரு துளசி, ஒரு கறிவேப்பிலைக் கன்று. மருந்து தெளிப்பதைத் தள்ளிப்போடவும் என்று செயலி சொன்னால், வேப்பெண்ணெய்க் குப்பியை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுக் காத்திருப்பார்.

வானிலைத் துறை எச்சரிக்கைகளை நான்கு நிறங்களில் தருகிறது. பச்சை என்றால் எச்சரிக்கை ஏதுமில்லை. மஞ்சள், நிலைமையைக் கவனித்துவா என்பதற்கு. ஆரஞ்சு, தயாராக இரு என்பதற்கு. சிவப்பு, செயலில் இறங்கு என்பதற்கு. இவரிடம் உள்ளவை இரண்டே நிறம்: சிவப்பு, சீக்கிரம் சிவப்பாகப் போவது. மழை அளவிலும் துறைக்கு ஒரு கறார் உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை கனமழை, 204.4 வரை மிக கனமழை. அதைத் தாண்டினால் அதி கனமழை. இருபது சென்டிமீட்டர் என்று அறிக்கையில் வந்தால், தெருவில் இருபது சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும், அதாவது கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று குடியிருப்பில் பாதிப்பேர் நினைத்திருப்பார்கள். பெய்கிற பரப்பு முழுவதிலும் அவ்வளவு உயரம், அத்தனையும் வழிந்து பள்ளமான ஒரே தெருவைத் தேடி வரும் என்று விளக்கும் பொறுமை அலர்ட் அங்கிளுக்கு மட்டும்தான் உண்டு. இந்த ஒரு சேவைக்காகவே சங்கம் அவருக்குச் சந்தாவில் சலுகை தரலாம்.

விளக்கத்தோடு அவர் நின்றிருந்தால் நல்லது. மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்து, அதில் பள்ளிக்கூட ஸ்கேலை நிறுத்தி, துறை அளக்கும் அதே காலை 8.30 மணிக்கு அவரும் அளக்கிறார். வாளி மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பதால், அகன்ற வாயில் விழுந்த தண்ணீர் குறுகிய அடியில் உயர்ந்து நிற்கும். ஆகவே நுங்கம்பாக்கம் வானிலை மையம் ஆறு சென்டிமீட்டர் என்றால் இவர் மாடி எட்டுக்குக் குறைவதில்லை. தன் தெருவில்தான் எப்போதும் அதிக மழை என்பது பத்தாண்டுகளாக அவர் ஆதாரத்தோடு நிறுவிவரும் கொள்கை.

இவரது முக்கியத் தொழில் ஃபார்வர்ட். இங்கே கால அளவு பற்றி ஒரு சிக்கல் எழுகிறது. ‘அடுத்த 3 மணி நேரத்தில் இடி மின்னலுடன் மழைக்கு வாய்ப்பு’ என்று வரும் உடனடி முன்னறிவிப்புக்கு ஆயுள் அந்த மூன்று மணி நேரம்தான். மாலை நான்கு மணிக்கு வந்ததை இவர் நான்கு குரூப்பிலும் போட, அதை ஒருவர் வேறு குரூப்புக்குத் தள்ள, அது சுற்றிச்சுற்றி மறுநாள் காலை கோயம்புத்தூரில் இருக்கும் மைத்துனரை அடையும். அவர் குடை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போவார். தேதி பார்க்கும் வழக்கம் இந்தக் குடும்பத்திலேயே இல்லை. பழைய வெள்ள வீடியோக்கள் ஆண்டுதோறும் புதிதாக வருவதற்கும் இதுவே காரணம். ஒரே ஒரு முறை இவர் எச்சரிக்கையாக இருந்தார்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பெருங்களத்தூர் பக்கம் முதலை சாலையைக் கடக்கும் வீடியோ வந்தபோது, பொய் என்று சொல்லி அதைப் பரப்ப மறுத்துவிட்டார். அந்த முதலை நிஜ முதலை.

வங்கக்கடலில் ஒரு சுழற்சி தென்பட்டதும் இவர் உடலில் மாற்றங்கள் தெரியத் தொடங்கும். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்ற கட்டத்தில் காபி ஆறிப்போகும். தாழ்வு மண்டலம் என்று ஆனால் குளியல் தள்ளிப்போகும். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டுப் புயல் என்ற பட்டம் கிடைத்தால் தூக்கம் போகும். வட இந்தியப் பெருங்கடலின் புயல்களுக்கு 13 நாடுகள் பெயர் கொடுக்கின்றன. 2020இல் வெளியான பட்டியலில் மொத்தம் 169 பெயர்கள். எந்தப் பெயர் எந்த நாடு கொடுத்தது என்பதோடு, அதை எப்படி உச்சரிப்பது என்பதும் இவருக்கு அத்துப்படி. மியான்மர் தந்த மிக்ஜாமை ‘மிச்சாங்’ என்றோ, சவூதி தந்த ஃபெஞ்சலை ‘ஃபெங்கல்’ என்றோ யாராவது சொன்னால், முழங்கால் தண்ணீரில் நின்றபடியே திருத்துவார். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி. இன்றைய மட்டம் எவ்வளவு என்று தங்கம் விலை கேட்பதுபோல இவரிடம் கேட்கலாம். ஐரோப்பிய மாடல் ஒன்று சொல்கிறது, அமெரிக்க மாடல் இன்னொன்று சொல்கிறது என்றால், இரண்டில் அதிக மழை சொல்வதையே இவர் நம்புவார். ‘சாயங்கால ரன் வரட்டும், பார்க்கலாம்’ என்று இவர் சொல்லும்போது, கேட்கும் செக்யூரிட்டி கிரிக்கெட் என்று நினைத்துக்கொள்வார்.

இந்த வகையின் பொற்காலம் 2024 அக்டோபர் 15, 16. சென்னைக்கும் சுற்று மாவட்டங்களுக்கும் ரெட் அலர்ட் வந்தது, பள்ளிகளுக்கு விடுமுறை, கடைகளில் பாலும் பிரெட்டும் தீர்ந்தன. வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. இத்தனை ஆண்டு கேலிக்கு ஒரே நாளில் பதில் கிடைத்ததுபோல அலர்ட் அங்கிள் குடியிருப்பு வாசலில் நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார். “சார், வண்டிய பேஸ்மென்ட்ல விடாதீங்க, உடனே எடுங்க.” எடுத்தார்கள். பாலத்தில் இடம் போதாமல் வெகுதூரம் போய் நிறுத்திவிட்டு ஆட்டோவில் திரும்பியவர்களும் உண்டு. முதல் நாள் நன்றாகவே பெய்தது. சிவப்பு நிறம் பூசப்பட்ட அடுத்த நாள், தாழ்வு மண்டலம் வடக்கே ஒதுங்கிப் போக, மழை ஓய்ந்துவிட்டது. மதியம் குழந்தைகள் கீழே சைக்கிள் ஓட்டினார்கள்.

வராத மழைக்குக் காரணம் சொல்வது, வந்த மழைக்குக் காரணம் சொல்வதைவிட நுட்பமான கலை. வறண்ட காற்று உள்ளே புகுந்துவிட்டது, மேலடுக்குக் காற்று மேகத்தை வெட்டிவிட்டது, குவிதல் எல்லாம் ஆந்திரக் கரைக்குப் போய்விட்டது என்று மூன்று விளக்கங்களை இவர் கைவசம் வைத்திருக்கிறார். மூன்றும் வானிலையாளர்கள் உண்மையாகவே சொல்பவை. ஆனால் முகத்தில் தெரிவது வேறு: கல்யாணத்துக்குப் பந்தலெல்லாம் போட்டு மாப்பிள்ளை வராத பெண்வீட்டாரின் சங்கடம். பாலத்தில் நின்ற கார்களை மீட்கப் போனவர்கள் அவரைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. லிஃப்டில் மட்டும், “அங்கிள், குடை எடுத்துக்கவா?” என்று ஒரு சிறுவன் கேட்டான். இவருடைய காரோ அன்று முழுக்க பேஸ்மென்டில்தான் இருந்தது. ஊரைக் கிளப்பிக்கொண்டிருந்ததில் சாவியை எடுக்க நேரமில்லை.

இவருக்கு வந்த பெரிய சோதனை வானத்திலிருந்து வரவில்லை, கோபுரத்திலிருந்து வந்தது. 2023இல் மத்திய தொலைத்தொடர்புத் துறையும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் செல் பிராட்காஸ்ட் என்ற முறையை நாடெங்கும் சோதித்துப் பார்த்தன. எஸ்எம்எஸ் ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் போகும். கூட்டம் சேர்ந்தால் வரிசையில் நிற்கும். செல் பிராட்காஸ்ட் எந்த எண்ணையும் கேட்பதில்லை. தண்டோரா போட்டதுபோல, ஆபத்துள்ள வட்டாரத்தின் கோபுரங்கள் ஒரே அறிவிப்பை ஒலிபரப்ப, அந்த எல்லைக்குள் இருக்கும் போன்களெல்லாம் ஒரே நேரத்தில் அதிர்ந்து, காதைக் கிழிக்கும் ஒலியோடு திரையை மறைத்து அதைக் காட்டும். இன்டர்நெட் தேவையில்லை. நெரிசல் தடுக்காது. வெளியூரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியவருக்கும் வரும். 2015இல் இல்லாமல் போனது இதுதான். பேரிடர் நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நினைப்பது கஷ்டம்.

சோதனை அறிவிப்பு வந்த அன்று குடியிருப்பின் அத்தனை வீட்டிலிருந்தும் ஒரே நொடியில் அந்த ஒலி கேட்டது. இட்லி வேகவைத்துக்கொண்டிருந்தவர் குக்கர் என்று நினைத்தார். தூங்கிக்கொண்டிருந்த செக்யூரிட்டி எழுந்து கேட்டைத் திறந்தார். அலர்ட் அங்கிள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு திரையைப் படித்தார்: இது சோதனைச் செய்தி, புறக்கணிக்கவும், நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை. கீழே ‘ஓகே’ என்று ஒரே ஒரு பொத்தான். ஃபார்வர்ட் இல்லை. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். அழுத்திப் பிடித்துப் பார்த்தார். பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தபோது, எதிர் பிளாக்கில் எல்லோர் கையிலும் மொபைல் இருந்தது. அவரிடம் இருந்த அதே செய்தி, அதே நொடியில், அவர் இல்லாமலே அங்கு போய்ச் சேர்ந்திருந்தது.

சிறிது நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு பேரனைக் கூப்பிட்டு, பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் ஒன்றாக அழுத்தச் சொன்னார். நான்கு குரூப்புகளிலும் ஸ்கிரீன்ஷாட் ஏறியது. ‘முக்கியம். அனைவருக்கும் பகிரவும்.’ மைத்துனர் கோயம்புத்தூரிலிருந்து நன்றி தெரிவித்தார்.