காலை ஏழு மணி வேன், பாதாளம் வரை

மெக்சிகோவின் கான்கூனில் காலையில் வேன் ஏறினால் மாயா நாகரிகம், பவளப்பாறை, பாதாளக் குளம் மூன்றையும் முடித்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஓட்டல் திரும்பிவிடலாம். மாயாக்களுக்கு இந்தச் சுறுசுறுப்பு இல்லை. பாவம், பல நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டார்கள்.

கடலோரப் பாறைமேல் மதில் சூழ நிற்கும் பழைய மாயா நகரமான துலுமுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கீடு. கோயில்மேல் ஏறக் கூடாது. கயிற்றுக்கு அப்பால் இகுவானாக்கள் மட்டும் டிக்கெட் இல்லாமல் வெயில் காய்கின்றன. “மர்மமாக மறைந்துபோன மாயாக்கள்” என்று வழிகாட்டி குரலைத் தாழ்த்துகிறார். வெளியே வேன் டிரைவர் கைபேசியில் வீட்டோடு பேசிக்கொண்டிருக்கிறார், யுகடெக் மாயா மொழியில்.

அடுத்தது பவளப்பாறை. மெக்சிகோவிலிருந்து ஹோண்டுராஸ் வரை ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் நீளம். அதில் நமக்குக் காணக் கிடைப்பது பெரும்பாலும் முன்னால் நீந்துகிறவரின் ரப்பர் துடுப்பு. புல் மேயும் கடலாமை நிமிர்ந்து நம்மைப் பார்த்துவிட்டு மறுபடி மேயப் போகிறது. அதற்கு இது தினசரிக் கூட்டம்.

கடைசியில் செனோட்டே என்கிற பாதாளக் குளம். யுகட்டான் தீபகற்பத்தின் வடபகுதியில் தரைமேல் ஆறுகள் இல்லையென்றே சொல்லலாம். மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு அடியில் ஓடுகிறது. குகையின் கூரை இடிந்த இடம்தான் இந்தக் குளம். மாயாக்களுக்கு இது பாதாள உலகின் வாசல். மாயா நகரமான சிச்சென் இட்சாவின் குளத்தில் பச்சைக்கல்லும் பொன்னும் மனிதர்களையும்கூடக் காணிக்கையாகப் போட்டார்கள். இப்போதைய காணிக்கை எளிது. வாசலில் ஷவரில் நின்று சன்ஸ்கிரீனைக் கழுவ வேண்டும். லாக்கர் வாடகை தனி.