கேண்டில்கீப்பைத் தாண்டாத வீரர்

பினாங்கின் பத்து காவான் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடிந்து கார்டு தட்டிவிட்டு வருகிறவர்களில் ஒருவராவது மோட் மாமாவாக இருப்பார். வயது நாற்பதுக்கு மேல். 1998-இல் வந்த ‘பால்டர்ஸ் கேட்’டை, இளவயதில் பாசார் மாலாமில் அஞ்சு சிடியாக வாங்கியவர். அந்த விளையாட்டு இன்னும் அவரை விடவில்லை. விளையாடுகிறாரா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இன்ஸ்டால் பண்ணுகிறார்.

மோட் என்பது ரசிகர்களே எழுதி இலவசமாகக் கொடுக்கும் ஒட்டுவேலை. ஒன்று புதுத் தோழனைக் கூட்டிவரும், ஒன்று எதிரி மந்திரவாதிக்குப் புத்தி கொடுக்கும், இன்னொன்று பையில் கூடுதலாக அம்பு அடுக்க விடும். இவற்றை ஏற்றுவதற்கென்றே வெஸ்ட்லி வைமர் என்பவர் எழுதிய ‘வைடு’ என்ற கருவி இருக்கிறது. கறுப்புத் திரையில், இதைப் போடவா வேண்டாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். பெண் பார்க்க வந்த அன்று மாமா இவ்வளவு யோசிக்கவில்லை என்பது மாமியின் கட்சி.

வைடுவுக்கு ஒரு குணம் உண்டு. நடுவிலிருக்கும் ஒரு மோடை எடுக்கச் சொன்னால், அதற்குப் பின் ஏறிய அத்தனையையும் முதலில் இறக்கும். சொன்னதைக் கழற்றிவிட்டு, மற்றதையெல்லாம் திரும்ப ஏற்றும். கல்யாணப் பந்தியில் நடுவே ஒருத்தரை எழுப்பப் போய், அவருக்கு அப்புறம் உட்கார்ந்த சொந்தமெல்லாம் ரசக் கையோடு எழுந்து நின்று மறுபடி உட்காருகிற மாதிரி. யார் முதலில், யார் கடைசியில் என்ற இந்த வரிசையில்தான் மாமாவின் லீவு நாளெல்லாம் போகிறது. பெரிய கதைகள் முதலில் ஏறும். தோழர்கள் நடுவில். எதிரியின் மூளையைத் தீட்டும் ‘ஸ்வோர்ட் கோஸ்ட் ஸ்ட்ராட்டஜெம்ஸ்’ கடைசிப் பக்கம்.

பேக்டரியில் மெஷின் செட்டிங் ஒன்றை மாற்றினால் தேதி, காரணம், கையெழுத்து எல்லாம் வேண்டும். வீட்டிலும் அதே கணக்குத்தான், எக்செல்லில். எட்டிப் பார்த்தேன். ‘நீக்கிய காரணம்’ என்ற கட்டத்தில், ‘மனசு கேக்கல’ என்று எழுதியிருந்தது.

பெரிய மோட் ஏற்றினால் ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்குவதே உத்தமம். கதைப்படி நாயகனின் வளர்ப்புத் தந்தை கோரியன், கேண்டில்கீப் கோட்டையை விட்டுக் கிளம்பிய அன்றிரவே கொல்லப்பட வேண்டும். மாமா வீட்டில் கோரியன் சௌக்கியமாக இருக்கிறார். கிளம்புவதற்குள் புது மோட் ஒன்று வந்துவிடுகிறது. கிடங்கில் எலி அடிக்கச் சொல்லும் குள்ளர் ரீவரோடுதான் மாமாவுக்கு நெருக்கம் அதிகம்.

“மாமா, பைட் எப்ப வரும்?” என்று பக்கத்தில் உட்கார்ந்து சலித்த அக்கா மகன் கேட்பான்.

“மொதல்ல பைல் வரட்டும்டா.”

ஊருக்கு உபகாரியும் இவர்தான். விளையாட்டு தானாக அப்டேட் ஆகி மோட் எல்லாம் உடைந்துபோனால், தீவிலிருக்கும் கூட்டாளிகள் பத்து மவுங்கில் ஏறி, 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலத்தைக் கடந்து லேப்டாப்போடு வந்து நிற்பார்கள். தே தாரிக் ஆறும் வரை மாமா பேசமாட்டார். பிறகு டாக்டர் குரலில், “மோட் ஏத்துறதுக்கு முன்னால கிளீன் காப்பி ஒன்னு எடுத்து வெச்சியா?” என்பார். யாரும் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். அப்போது அந்த முகத்தில் வரும் திருப்தி, ஆட்டத்தின் வில்லன் சாரெவோக்கை வீழ்த்தியவனுக்குக்கூட வராது. இந்த மனிதர் ஆடாமலே ஜெயிக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2023-இல் ‘பால்டர்ஸ் கேட் 3’ வந்தது. மறு வருஷம் செப்டம்பரில் அதற்குள்ளேயே மோட் மேனேஜரும் வந்துவிட்டது. தேடிப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினால் ஏறிவிடும். மருமகன் ஆசையாகக் காட்டினான். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“ஏறிருச்சா?”

“ஏறிருச்சு மாமா.”

“எர்ரர் ஒன்னும் வரலியா?”

“வரல.”

“அப்புறம் இதுல என்னடா விளையாடுறது?”