ஹால் விளக்கைப் போட அனுமதி கோரி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: கனெக்டிவிட்டி ஸ்டாண்டர்ட்ஸ் அலையன்ஸ், அமெரிக்கா.

பொருள்: ஸ்மார்ட் பல்பு எரியாதது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

அமேசானும் ஆப்பிளும் கூகுளும் ஒரே பந்தியில் உட்காரும் என்று நாங்கள் கனவிலும் நினைத்ததில்லை. ஜிக்பீ அலையன்ஸ் என்ற பழைய பெயரில் இருந்தபோதே, 2019 டிசம்பரில், தாங்கள் இலை போட்டீர்கள். 2022 அக்டோபரில் 'மேட்டர்' என்ற பொதுத்தரம் வந்தது. எந்தக் கம்பெனி பல்பும் எந்தக் கம்பெனி ஆப்பிலும் எரியும் என்றீர்கள். நானும் முத்திரை பார்த்து ஒன்று வாங்கினேன்.

பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் 'த்ரெட்' என்று இருந்தது. அதாவது, வைஃபையில் நேரடியாகச் சேராது. நடுவில் பார்டர் ரவுட்டர் வேண்டும். அது சில ஸ்மார்ட் ஸ்பீக்கர்களுக்குள் இருக்கும், சிலவற்றில் இருக்காது. எதில் இருக்கிறது என்று கடைக்காரத் தம்பிக்கும் தெரியவில்லை. ஆக, பல்புக்குத் துணையாக ஒரு ஸ்பீக்கரும் வீட்டுக்கு வந்தது.

அடுத்து இணைப்புச் சடங்கு. க்யூஆர் கோடும் 11 இலக்க எண்ணும் பல்பின் கழுத்திலேயே அச்சாகியிருக்கின்றன. மாட்டினால்தான் கரண்டு, மாட்டிவிட்டாலோ கோடு கூரையோரம் போய்விடுகிறது. ஸ்டூல் மேல் நின்று போனை நீட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, "பல்லியா தம்பி?" என்று எதிர்வீட்டு அம்மாள் அக்கறையோடு விசாரித்தார். (புதிதாக வாங்குவோர் அந்த எண்ணை முதலிலேயே தாளில் எழுதி வைத்துக்கொள்வது உத்தமம்.)

ஒருவழியாகப் பல்பு சொன்ன பேச்சைக் கேட்டது. இரவு அம்மா எழுந்து வந்து, வழக்கம்போலச் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். கரண்டு இல்லாத பல்புக்கு அறிவு ஏது? 'சாதனம் பதிலளிக்கவில்லை' என்றது ஆப். "சுவிட்சைத் தொடாதேம்மா" என்றால், "கரண்டு பில்லை உன் அலையன்ஸா கட்டும்?" என்கிறார். தங்கள் விதிமுறைகளில் இதற்குப் பதில் இருந்தால் அனுப்பி வைக்கவும்.

நள்ளிரவில் போன கரண்டு திரும்பினால், பல்பு முழு வெளிச்சத்தோடு எழுந்து எங்களையும் எழுப்புகிறது. 'முன்பிருந்தபடியே இரு' என்று அதற்குச் சொல்லிவைக்கத் தங்கள் தரத்தில் வழியுண்டு. என் ஆப்பில் அது எந்த மெனுவுக்குள் இருக்கிறது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

பல்பு போகட்டும். மேட்டரில் மின்விசிறிக்குத் தாங்கள் தனி இடம் கொடுத்தது 2023 அக்டோபரில், 1.2 பதிப்பில்தான். வெயில் ஊர்க்காரர் ஒருவரையாவது கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கலாம்.

குறை மட்டும் சொன்னால் பாவம். இன்டர்நெட் அறுந்தாலும் மேட்டர் வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் சாதன நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் சர்வரை அணைத்து, வாடிக்கையாளர்களின் ஆப்பைச் செயலிழக்க வைத்ததை நினைத்தால் இது பெரிய ஆறுதல்.

ஆகவே, 'பார்டர் ரவுட்டர் தேவை' என்பதை முத்திரையின் பக்கத்தில், முத்திரை அளவிலேயே அச்சிட ஆவன செய்யவேண்டும். புதியவர்களிடம் முதலில் பல்பை விற்காமல், எலக்ட்ரீஷியனை வைத்துச் சுவிட்ச்போர்டுக்குப் பின்னால் பொருத்தும் ஸ்மார்ட் ரிலேவைக் காட்டச் சொல்லுங்கள். அம்மாவும் சுவிட்சைத் தட்டலாம், ஆப்பும் வேலை செய்யும். அதுவரை எங்கள் ஹால் விளக்கின் முழு அதிகாரம் அம்மாவிடமே இருக்கும் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பல்பு வாங்கியவன்