உதவிக் குழு

தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் 'கேப் எபிக்' என்றொரு மவுண்டன் பைக் பந்தயம். எட்டு நாள், அணிக்கு இருவர். வழியில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பிரிந்தால் தண்டனை. சைக்கிள் கழுவ, டயர் மாற்ற, கால் பிடித்துவிட என்று பின்னால் ஒரு பட்டாளமே உண்டு.

பழவேற்காட்டில் மலையில்லை, பந்தயம் மட்டும் வருஷம் முழுக்க. ஏரியில் இன்று இறால் வலை கட்டுவது யார் என்பதை ஊரின் 'பாடு' முறை சொல்லிவிடும். உதவிக் குழுவில் ஒரே ஆள்: வீட்டம்மா. விடியுமுன் கஞ்சி, வலையில் சிக்கிய நண்டைக் கடிபடாமல் கழற்றுவது, கிழிசல் கட்டுவது, மீன்கூடையோடு பஸ் ஏறக் கண்டக்டரிடம் வாதாடுவது, வட்டிக்காரருக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு.

மெடல் கிடையாது. பாடு நன்றாக அமைந்த நாளில் மட்டும் "குழம்புல உப்பு சரியா இருக்கு" என்று ஒரு பாராட்டு வரும்.