பயன்பாட்டுச் சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது

நாடகம் போட்டால் சமூகம் திருந்திவிடுமாம். திருந்தாவிட்டால் குறை நிர்வாகத்தில்தான் இருக்கிறதாம். சரி, அந்த நிர்வாகத்தையே பார்த்துவிடுவோம்.

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குவாளியும் மழைக்குப் போர்த்த பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஏறுவார்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் குனிந்து காய் பறித்து, பொழுது சாயத்தான் வீடு திரும்புவார்கள்.

இவர்களுக்கான அரசு விழிப்புணர்வு வீதி நாடகம் காலை பதினோரு மணிக்கு! அதிகாரிக்கு அதுதான் தோதுப்படும். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக ஓட்டி வருவார்கள். திண்ணையில் இரண்டு கிழவர்கள், நிழலில் ஒரு நாய். நாயைத் தவிர எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியாகிவிடும்.

கதை என்ன? கூலிக்காரன் குடிப்பான், பெண்டாட்டியை அடிப்பான், கை கழுவமாட்டான். இருபதாவது நிமிடம் திருந்திவிடுவான். முதலாளி நாடகத்துக்குள் வருவதே இல்லை. ஆகவே அவர் திருந்தவேண்டிய தொல்லையும் இல்லை. ஒரு ஜீப்பில் எத்தனை உயிரைத் திணிக்கலாம், மருந்தடித்த செடிக்குள் வெறுங்கையோடு இறங்கலாமா, ஏலக்காய் விலை ஏறுகிற வருஷம் கூலி ஏன் ஏறுவதில்லை என்று எவனாவது வசனம் எழுதினால், ‘திட்டத்தில் இதற்கு இடமில்லை’ என்று சிவப்பு மையில் அடித்துக் கொடுப்பார்கள்.

பறையடித்துத் தொண்டை கிழிந்த கலைஞனுக்குச் சம்பளம்? பில் போயிருக்கிறது. சனம் மாறியதா? அதை யார் கேட்டார்கள்; இடமும் நேரமும் பதிந்த போட்டோ வந்ததா, அதைச் சொல்லுங்கள்.

வெள்ளைக்காரன் நாடகத்துக்குக் கொடுத்த மரியாதையே வேறு. வங்கத்து அவுரித் தோட்டத் துரைகளின் அட்டூழியத்தை ‘நீல் தர்ப்பண்’ நாடகம் காட்டியது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு 1861இல் ஒரு மாதச் சிறை, 1000 ரூபாய் அபராதம். 1876இல் நாடகத்துக்கென்றே ஒரு தடைச் சட்டம். சுதந்திரம் வந்த பிறகு நாமும் சளைக்கவில்லை. எம்.ஆர். ராதாவின் இராமாயண நாடகத்தை முடக்க 1954இல் சொந்தமாகவே ஒரு சட்டம் செய்துகொண்டோம். நாடகக்காரர் ஞாநி வழக்காடி, 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. 1989 ஜனவரி முதல் தேதி, டெல்லி அருகே சாகிபாபாத்தில் தொழிலாளிகள் நடுவே ஆடிக்கொண்டிருந்த வீதி நாடகக் கலைஞர் சப்தர் ஹஷ்மியை அடித்தார்கள், மறுநாள் செத்துப்போனார். அவர் கை கழுவச் சொல்லி ஆடவில்லை.

இப்போது தடையும் வேண்டாம், தடியும் வேண்டாம். நிதி ஒதுக்கினால் போதும். நாடகம் தன் வாயைத் தானே தைத்துக்கொள்ளும்.

நிர்வாகத் திலகங்களே, ஒரே ஒரு யோசனை. சாயங்காலம் ஜீப் வந்து நிற்கிற இடத்தில், தோட்ட முதலாளியையும் ஒரு பாத்திரமாக்கி ஆடவிட்டுப் பாருங்கள். அடுத்த தவணைப் பணம் வராது, போலீஸ் வரும். அன்றைக்குத் தாராளமாக அறிக்கை எழுதலாம்: நாடகம் வேலை செய்தது.