சம்பந்திச் சண்டையில் ஒரு மின்சார ரயில்

வியன்னாவுக்கும் பிராட்டிஸ்லாவாவுக்கும் நடுவே எழுபது கிலோமீட்டர்கூடக் கிடையாது. காலையில் கிளம்பினால் வேலையை முடித்துவிட்டு சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். ஆனால் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக் காலத்தில் இது ஆஸ்திரியாவிலிருந்து ஹங்கேரிக்குப் போகிற பயணம். ஃபிரான்ஸ் ஜோசப் அங்கே பேரரசர், இங்கே மன்னர். ஆள் ஒன்று, அரசாங்கம் இரண்டு. இரண்டும் சம்பந்தி வீடுகள் மாதிரி: பந்தியில் சேர்ந்து உட்காரும், இலையைப் பார்த்து முணுமுணுக்கும்.

பிராட்டிஸ்லாவா என்ற பெயர் நிலைத்ததே 1919இல்தான். அதுவரை ஜெர்மன்காரருக்கு ப்ரெஸ்பர்க், ஹங்கேரியருக்கு போஜோனி. ஊர்ப் பெயரிலேயே ஒத்துப்போகாதவர்கள் ரயிலில் ஒத்துப்போவார்களா?

1898இல் ஜோசப் டவுபர் என்ற பொறியாளர் இரண்டு ஊருக்கும் இடையே மின்சார ரயில் விடலாம் என்று மனு போட்டார். பாவம், நல்ல மனுஷன். புடாபெஸ்டில் ஹங்கேரி அரசாங்கத்துக்கு வயிற்றைக் கலக்கியது. போஜோனி ஹங்கேரி மன்னர்கள் முடிசூடிய ஊர், ஏற்கெனவே பாதிக்குப் பாதி ஜெர்மன் பேசுகிறது. இதில் ரயிலும் வந்தால் வியன்னாவின் புறநகராகிவிடாதா? எல்லைக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரிய நிர்வாகம், இந்தப் பக்கம் தனி ஹங்கேரிய கம்பெனி என்று பாகம் பிரித்து, ஒருவழியாக 1914 பிப்ரவரி 5 அன்று வண்டி ஓடியது. பதினாறு வருஷம்! (அதே மாதம் 24ஆம் தேதி நம் பாம்பன் பாலமும் திறந்து, ஒரே டிக்கெட்டில் கடல் தாண்டி கொழும்பு போக வழி பிறந்தது. அவர்கள் தாண்ட வேண்டியிருந்தது வெறும் கோடு.)

ஓடிய அழகைக் கேளுங்கள். இரண்டு நகரத்துக்குள்ளும் நேர்மின்சாரம், நடுவே வயல்காட்டில் உயரழுத்த மாறுமின்சாரம். ஆகவே வியன்னா தெருக்களில் டிராம் மாதிரி உருண்டு ஷ்வெகாட் வந்ததும் எஞ்சினைக் கழற்றி, பெரிய எஞ்சினை மாட்டுவார்கள். வியன்னா லாகர் பீர் பிறந்த ஊர் அது. தாமதத்துக்கு யாரும் கோபித்திருக்க மாட்டார்கள். எல்லை தாண்டி கப்சேனி வந்தால் பெரியதைக் கழற்றி மறுபடி சின்னது. அப்புறம் டான்யூப் பாலமேறி ஊர்த் தெருவுக்குள் நுழையும். ஒரு பயணம், மூன்று எஞ்சின். மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட இத்தனை முறை கார் மாற்ற மாட்டார்கள்.

ஆறு மாதம் முடியுமுன் உலகப் போர். நான்கு வருஷத்தில் பேரரசே காலி. சண்டை போட்ட சம்பந்திகள் இருவருக்கும் ஊர் கிடைக்கவில்லை; புதிதாகப் பிறந்த செக்கோஸ்லோவாக்கியா தட்டிக்கொண்டு போனது. கப்சேனி 1921இல் ஆஸ்திரியாவுக்குப் போய் கிட்ஸே ஆனது. நேற்றுவரை நாடகம் பார்க்க வியன்னா போனவன் இப்போது பாஸ்போர்ட்டைத் தேட வேண்டியதாயிற்று. 1935இல் செக்கோஸ்லோவாக்கியா ஊருக்குள் இருந்த தண்டவாளத்தை மீட்டர் கேஜாகக் குறுக்கி, ஊர் டிராமோடு சேர்த்துக்கொண்டது. இனி வியன்னா வண்டி நினைத்தாலும் உள்ளே வர முடியாது. புடாபெஸ்ட் பயந்து பயந்து செய்ய நினைத்த காரியத்தை வேறொருவர் சுத்தமாகச் செய்து முடித்தார்.

இன்றைக்கு வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு வேறு பாதைகளில் ரயில் இருக்கிறது. டவுபரின் பாதையில் எஸ்7 புறநகர் வண்டி ஓடுகிறது. எல்லைக்குச் சில கிலோமீட்டர் முன்னால், வோல்ஃப்ஸ்தாலில் நின்றுவிடும். அதுதான் கடைசி ஸ்டேஷன், இறங்கிக்கொள்ள வேண்டியதுதான்.